டிராஃப்ட் யார் பெயருக்கு வருகிறது?

என் பெரியப்பா 1991 முதல் 2015 வரை சவூதி அரேபியாவின் தம்மாமில் வேலை பார்த்தார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. பதினோரு முறை விடுப்பில் வந்தார். பன்னிரண்டாம் முறை வந்தவர் திரும்பிப் போகவில்லை. பதினோரு விடுப்பையும் கூட்டினால் 22 மாதம். அந்த 24 ஆண்டுகளில் பெரியம்மாவோடு அவர் ஒரே வீட்டில் இருந்த காலம் இரண்டு ஆண்டுகூட நிரம்பவில்லை.

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில் இது ஒரு செய்தியே இல்லை. ‘அவர் வெளியே இருக்கிறார்’ என்றால் வெளிநாட்டில் இருக்கிறார் என்று பொருள். யாரும் வாசலில் எட்டிப் பார்க்கமாட்டார்கள். கடற்கரையோர முஸ்லிம் ஊர்களில் ‘சபர் போயிருக்கிறார்’ என்பார்கள். அப்படிப் போய்வருகிறவர் சபுராளி. வேலையை அடியோடு முடித்துக்கொண்டு வந்துவிட்டவர் ‘கேன்சலில் வந்துவிட்டார்’. இப்படி ஒவ்வொரு நிலைக்கும் ஊரில் ஒரு சொல் புழங்குகிறது.

ஆய்வாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘தற்காலிகத் தொழிலாளர் புலம்பெயர்வு’. ஊரில் இருப்பவர்களுக்கு அவர்கள் தரும் பெயர் ‘விட்டுச்செல்லப்பட்ட குடும்பங்கள்’. முதல் பெயரோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டாவது, ரயிலில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பையைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறது. பெரியம்மாவை யாரும் எங்கும் விட்டுச்செல்லவில்லை. அவர் வேலையில் இருந்தார். அந்த வேலைக்குச் சம்பளம் இல்லை, அவ்வளவுதான். இந்தக் கட்டுரை அந்த வேலையைப் பற்றியது.

எது தற்காலிகம்?

கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ மனைவி மக்களோடு போய், வதிவுரிமை வாங்கி, வீடு வாங்கித் தங்கிவிடுவது குடியேற்றம். தற்காலிகப் புலம்பெயர்வு வேறு. ஒப்பந்தத்துக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. விசா ஒரு முதலாளியோடு கட்டப்பட்டிருக்கும். வேலை போனால் அந்த நாட்டில் தங்கும் உரிமையும் போய்விடும். எத்தனை ஆண்டு உழைத்தாலும் அந்த நாட்டுக்காரராக ஆகிவிட முடியாது. பெரியப்பாவின் 24 ஆண்டுகளும் சட்டத்தின் கண்ணில் தற்காலிகம்தான். இரண்டிரண்டு ஆண்டாகப் பன்னிரண்டு தற்காலிகங்கள்.

தமிழர்களுக்கு இது நேற்று வந்ததல்ல. செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன முகவர்கள் மூன்றாண்டுத் தவணைக்குப் போனார்கள்; மனைவி மக்கள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார்கள். அதற்கும் முன்னால், சங்கப் பாடல்களில் ‘பொருள்வயிற் பிரிவு’ என்று இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. ஆனால் அங்கே தலைவி ஏங்குகிறாள், இளைக்கிறாள், வளை கழல்கிறது. தலைவன் இல்லாத வீட்டில் மாமியாருக்கு மருந்து வாங்கியது யார், கடைப் பாக்கியை அடைத்தது யார் என்று எந்தப் புலவரும் பாடவில்லை.

இன்றைய அளவு தெரிய ஓர் எண். 2015ல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, இந்த மாநிலத்திலிருந்து சுமார் 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருப்பதாக மதிப்பிட்டது. அமெரிக்காவில் குடியேறியவர்களும் இதில் அடக்கம் என்றாலும் சிங்கப்பூர், அமீரகம், சவூதி ஆகிய மூன்றும்தான் பட்டியலின் முன்வரிசை.

‘குடும்பத்தைக் கூட்டிப்போனால் என்ன?’ என்று கேட்டால், ‘கட்டுப்படியாகாது’ என்ற பதில்தான் எங்கும் வரும். அது பாதி உண்மை. மீதிப் பாதி சட்டத்தில் இருக்கிறது. சிங்கப்பூரில் கட்டுமானத்திலும் கப்பல் தளத்திலும் இருக்கும் வொர்க் பெர்மிட் தொழிலாளி மனைவி மக்களை அழைத்து வைத்துக்கொள்ள வழியே இல்லை. அதற்கு மேல்நிலை அனுமதி வேண்டும். மாதம் 6,000 சிங்கப்பூர் டாலராவது நிலையான சம்பளம் வேண்டும். அமீரகத்தில் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமோடு தங்குமிடம். சவூதியில் 2017 ஜூலையிலிருந்து, உடன் இருக்கும் குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தார்கள். ஆண்டுதோறும் ஏறி அது 2020ல் 400 ஆனது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 1,200 ரியால். பல தொழிலாளிகளின் மொத்தச் சம்பளமே அதுதான். எப்படியோ சமாளித்து அங்கே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தவர்களில் பலர் அப்போது குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆக, குடும்பம் ஊரில் தங்குவது தற்செயலாக நேர்வதில்லை. அந்த விசாவை அப்படித்தான் தைத்திருக்கிறார்கள்.

இதை எனக்குத் தெளிவாகக் காட்டியவர் மைக்கேல் புராவோய் என்ற சமூகவியலாளர். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குப் போன கறுப்பினத் தொழிலாளர்களையும் கலிபோர்னியா வயல்களுக்குப் போன மெக்சிகோக்காரர்களையும் ஒப்பிட்டு அவர் 1976ல் எழுதினார். அவர் சொன்னது எளிமையானது. ஒரு தொழிலாளிக்கு இரண்டு வகைச் செலவு உண்டு. ஒன்று, நாளைக்கும் எழுந்து வேலைக்குப் போக அவருக்கு வேண்டிய சோறும் படுக்கையும். இன்னொன்று, உழைப்பவர் தலைமுறையைப் புதுப்பிக்கும் செலவு: பிள்ளை பெற்று வளர்ப்பது, படிக்க வைப்பது, நோயாளியைப் பார்ப்பது, கிழவராகித் திரும்பி வருகிறவரைத் தாங்குவது. சாதாரணமாக இரண்டும் ஒரே ஊரில் நடக்கும். தற்காலிகப் புலம்பெயர்வு இரண்டையும் வெட்டி, முதலாவதை வேலை தரும் நாட்டிலும் இரண்டாவதைச் சொந்த ஊரிலும் வைக்கிறது. தம்மாமில் பெரியப்பாவுக்கு எட்டுப் பேர் தங்கிய அறையில் ஒரு கட்டில் போதுமானதாக இருந்தது. அவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், தாயாருக்கு ஆஸ்பத்திரி, அவருக்கே முதுமையில் ஒரு திண்ணை, எதையும் சவூதி தரவேண்டியிருக்கவில்லை. அவையெல்லாம் எங்கள் ஊரில் இருந்தன. நடத்தியவர் பெரியம்மா.

பொருளாதார அறிஞர்களிடம் இன்னொரு விளக்கம் உண்டு. ஓடெட் ஸ்டார்க்கும் டேவிட் புளூமும் 1985ல் சொன்னது: வெளிநாடு போவது தனிமனித முடிவு அல்ல, குடும்பம் சேர்ந்து எடுக்கும் முடிவு, கூடுதல் சம்பளத்துக்காக மட்டுமல்ல, ஆபத்தைப் பங்குபோட்டுக்கொள்ளவும் போகிறார்கள். டெல்டாக்காரருக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. ஜூன் 12ல் மேட்டூர் திறந்தால் ஒரு பிழைப்பு, திறக்காவிட்டால் வேறு பிழைப்பு. தம்மாம் சம்பளம் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்து வருவதில்லை. ஒரு பிள்ளை நிலத்தில், ஒரு பிள்ளை வெளியே என்று வைத்துக்கொண்ட வீடுகள் இந்தக் கணக்கைப் படிக்காமலே போட்டவை.

இரண்டு விளக்கமும் சரிதான் என்பேன். ஆனால் ‘குடும்பம் முடிவெடுத்தது’ என்ற வாக்கியத்தில் குடும்பம் என்பது யார்? 1991ல் எங்கள் வீட்டில் முடிவெடுத்தவர்கள் தாத்தா, பெரியப்பா, ஏஜெண்ட். பெரியம்மாவிடம் யோசனை கேட்கவில்லை. சங்கிலியைக் கேட்டார்கள்.

முதல் இருபது மாதம்

வெளியூர்ப் பணம் என்றதும் எல்லோருக்கும் மாடி வீடு நினைவுக்கு வருகிறது. அதற்கு முன்னால் ஒரு காலம் இருக்கிறது. அதில்தான் குடும்பம் அதிகம் அடிபடுகிறது.

பதிவுபெற்ற ஏஜெண்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு இந்திய அரசு விதித்த உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்குமேல் ஜிஎஸ்டி. நடைமுறையில் விசாவுக்கு விலை என்று ஒன்று தனியாகப் பேசப்படுகிறது. ஒருவர் ஒன்றரை லட்சம் கொடுத்துப் போனதாக வைத்துக்கொள்வோம். பணம் மூன்று வட்டிக்கு வாங்கியது, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். சம்பளம் 1,200 ரியால். ரியாலுக்கு 22 ரூபாய் என்றால் 26,400. சாப்பாடு, போன், சவரம், சோப்பு என்று அங்கே 300 ரியால் போனால் ஊருக்கு வருவது 19,800. வீட்டுச் செலவுக்கு 9,800 ஒதுக்கி, 10,000 ரூபாயைக் கடனுக்கே கட்டினாலும் கடன் தீர இருபது மாதம் ஆகும். வட்டியாக மட்டும் 50,000 ரூபாய்க்குமேல் போயிருக்கும். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் மிச்சம் நான்கு மாதம். அந்த நான்கு மாதச் சம்பளத்தில்தான் விடுப்பில் வரும்போது கொண்டுவரும் கோடாலித் தைலமும் பால்மாவும் போர்வையும்.

இதில் ஒரு மாதம் சம்பளம் தாமதமானால் வட்டிக்காரர் தம்மாமுக்குப் போய்க் கேட்கமாட்டார். வாசலில் வந்து நிற்பார். வாசலில் இருப்பவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை. பெரியப்பா போன முதல் ஆண்டில் மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. அவருக்கு அங்கே மெஸ்ஸில் சோறு கிடைத்தது. கடன் சொல்லி அரிசி வாங்கியது பெரியம்மா.

நாணயத்தைப் பற்றி ஒரு வரி. சவூதி ரியால் 1986 முதல் டாலருக்கு 3.75 என்று கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. பெரியப்பாவின் சம்பளம் ரியாலில் அதிகம் ஏறவில்லை. ஆனால் 1991 கடைசியில் சுமார் 7 ரூபாயாக இருந்த ரியால் 2015ல் சுமார் 17 ரூபாய். ஊரில் எல்லோரும் அவருக்குச் சம்பளம் கூடிக்கொண்டே போவதாக நினைத்தார்கள். உண்மையில் ரூபாய்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

நோட்டு

தொண்ணூறுகளில் பணம் டிராஃப்டாக, அதாவது யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவருக்கே பணம் தரும் வங்கிச் சீட்டாக வந்தது. பதிவுத் தபாலில் டிராஃப்ட் வரும், பட்டுக்கோட்டை வங்கியில் போடவேண்டும், பணமாக மாறச் சில வாரம் ஆகும். முதல் ஏழு ஆண்டு டிராஃப்ட் தாத்தா பெயருக்கே வந்தது. பெரியம்மாவுக்கு வேண்டியதைத் தாத்தா கொடுப்பார். கொடுத்ததில் குறை இல்லை. ஆனால் எதற்கு என்று ஒவ்வொரு முறையும் சொல்லவேண்டும். தலைவலி மாத்திரைக்கும் சொல்லவேண்டும், உள்பாவாடைக்கும் சொல்லவேண்டும்.

1998ல் தனிக்குடித்தனம் வந்தார்கள். முதல்முறையாக டிராஃப்ட் பெரியம்மா பெயருக்கு வந்தது. எட்டாம் வகுப்புவரை படித்தவர். வங்கியில் கணக்குத் தொடங்கக் கையெழுத்துப் போட்டுப் போட்டுப் பழகியதை நானே பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து ஒரு நோட்டு எழுதத் தொடங்கினார். 2001 ஆடி மாதப் பக்கம் ஒன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பால் 180. கரண்டு 212. பாப்பா பீஸ் 450. மாமா ஊசி 60. சீட்டு 500. கொல்லைக்குக் கீற்று 300. மொய் விருந்து, நான்கு வீடு, 1,300.

கடைசி வரியில் நிற்க வேண்டும். பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்துக் காலம். யார் எவ்வளவு செய்தார்கள் என்பது எழுதப்படும். திரும்பச் செய்தாக வேண்டும். தனிக்குடித்தனம் வந்த பிறகு எந்த விருந்தில் எவ்வளவு, எந்தச் சாவுக்கு யார் போவது, எந்தக் கல்யாணத்தில் முன்வரிசையில் நின்றாக வேண்டும் என்பதையெல்லாம் பெரியம்மாதான் முடிவு செய்தார். வீட்டின் மானமும் மரியாதையும் அவர் நடந்த நடையில் காப்பாற்றப்பட்டன. ஆனால் மொய் நோட்டில் எழுதப்பட்ட பெயர் எப்போதும் பெரியப்பாவுடையது. வாங்கிய ஒன்றரை ஏக்கருக்கான பத்திரத்திலும் அவர் பெயர்தான்.

கணவர் வெளியே போனால் பெண்ணின் கை ஓங்குகிறதா, ஒடுங்குகிறதா? இது பழைய கேள்வி. சோனால்டே தேசாயும் மஞ்சிஷ்டா பானர்ஜியும் 2004–05ல் எடுக்கப்பட்ட ஓர் இந்திய அளவிலான குடும்ப ஆய்வின் தரவுகளை வைத்து 2008ல் இதற்கு விடை தேடினார்கள். கிடைத்தது இதுதான்: எல்லாம் அந்தப் பெண் யாரோடு வசிக்கிறாள் என்பதைப் பொறுத்தது. தனிக்குடித்தனம் என்றால் முடிவெடுக்கும் உரிமையும் கூடுகிறது, வேலையும் கூடுகிறது. கூட்டுக் குடும்பம் என்றால் இரண்டுமே பெரிதாக மாறுவதில்லை. கணவர் விட்ட இடத்தில் மாமனார் மாமியார் வந்து அமர்ந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் 1998ஐ நடுவில் வைத்துப் பார்த்தால் இரண்டு பாதியும் அப்படியே பொருந்துகிறது.

உரிமை வந்தது என்று கைதட்டவும் எனக்கு மனம் வரவில்லை. அந்த உரிமை கண்காணிப்போடு சேர்ந்து வந்தது. இரவு எட்டு மணிக்குமேல் மெக்கானிக்கோ எலக்ட்ரீசியனோ வீட்டுக்குள் வந்தால் தெருவே பார்க்கும். மோட்டார் பழுதானால் பெரியம்மா என் அப்பாவை வாசலில் உட்காரவைத்துவிட்டுத்தான் ஆளைக் கூப்பிடுவார். ஊர்வாய்க்கு விடுப்பே கிடையாது.

செருப்பு அளவு

பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சிகள் நிறைய இருக்கின்றன. அவை ஒரே திசையில் பேசுவதில்லை. பணம் வருவதால் பள்ளிப் படிப்பு நீள்கிறது, ஆங்கிலப் பள்ளி கிடைக்கிறது, பெண்பிள்ளை பாதியில் நிறுத்தப்படாமல் தப்புகிறாள். இன்னொரு பக்கம், 2018ல் லான்செட் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு 111 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பெற்றோர் வேலைக்காக வெளியேறிய பிள்ளைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் ஊட்டச்சத்துக் குறைவும் மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் என்று கண்டது. கவனிக்க வேண்டியது, அந்த 111ல் 91 ஆய்வுகள் சீனாவைப் பற்றியவை. அங்கே கிராமத்துப் பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் தம் நாட்டு நகரங்களுக்கே போகிறார்கள். தாய், தந்தை இருவருமே போய்விடும் வீடுகள் ஏராளம். அப்பா மட்டும் துபாயில் இருக்க, அம்மா, ஆத்தா, சித்தப்பா எல்லோரும் சுற்றியிருக்கும் தஞ்சாவூர்ப் பிள்ளைக்கு அதை அப்படியே ஒட்டுவது சரியல்ல. ஒன்றுமில்லை என்று தள்ளிவிடுவதும் சரியல்ல.

எனக்குத் தெரிந்த ஒரு காட்சி. பெரியப்பா விடுப்பில் வருமுன் கடிதம் எழுதுவார்: பிள்ளைகளின் செருப்பு அளவு அனுப்பு. பெரியம்மா வெள்ளைத்தாளைத் தரையில் விரித்து, தம்பியின், அதாவது அவர்கள் மகனின், காலை அதன்மேல் வைத்து, பென்சிலைச் சுற்றி ஓட்டுவார். கூசுகிறது என்று அவன் காலை இழுப்பான், கோடு கோணும், இன்னொரு தாள். அந்தத் தாள் மடித்துக் கடிதத்தோடு தம்மாம் போகும். அவர் அதைக் கடைக்கு எடுத்துப்போய், ஷூவின் அடிப்பாகத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்து வாங்கிப் பெட்டியில் கட்டிவைப்பார். விடுப்பு தள்ளிப்போகும். ஆறு மாதம் கழித்து அவர் வந்து பெட்டியைப் பிரிக்கும்போது கால் பெரிதாகியிருக்கும். தம்பி அதை வீட்டில் யாரிடமும் சொல்லாமல், விரலை மடக்கிக்கொண்டு அந்த இரண்டு மாதமும் போட்டுக்கொண்டு திரிந்தான். அவர் விமானம் ஏறிய பிறகு ஷூ என்னிடம் வந்தது. வயதில் நான் மூத்தாலும் என் கால் சிறியது; எனக்குச் சரியாக இருந்தது.

இப்போது தாளுக்கு வேலை இல்லை. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு ஓடாததால் போட்டிம் போன்ற அழைப்புச் செயலிகள் எல்லா வீட்டுப் பாட்டிகளுக்கும் தெரியும். இரவு ஒன்பதரைக்கு அப்பா வருவார், திரையில். மதிப்பெண் பட்டியலைக் காமிராவுக்கு முன்னால் பிடிக்கச் சொல்வார். முகம் தினமும் தெரிவது பெரிய மாற்றம்தான். ஆனால் திரையில் வருகிற அப்பாவுக்குக் கேள்வி கேட்கும் வேலை மட்டும் மிஞ்சுகிறது. சைக்கிளைப் பின்னாலிருந்து பிடிப்பதும், காய்ச்சலில் நெற்றியில் கை வைப்பதும் வேறு யார் வேலையாகவோ போய்விடுகின்றன.

முதியோர் பக்கம் இதைவிடக் கடினம். தாத்தா 2004ல் இறந்தபோது பெரியப்பாவால் வரமுடியவில்லை. அப்போதெல்லாம் சவூதியை விட்டு வெளியேற முதலாளி அனுமதி வாங்கித் தரவேண்டும்; பெரும்பாலான தனியார் துறைத் தொழிலாளர்கள் தாங்களே அந்த அனுமதி பெற வழி வந்தது 2021 மார்ச்சில்தான். ஃப்ரீசர் பெட்டியில் இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தார்கள். கொள்ளி வைத்தது என் அப்பா. மூத்தவர் இருக்க இளையவர் வைத்தார் என்பதை ஒரு பங்காளி இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

இறந்து வருவது தொழிலாளியாகவும் இருக்கலாம். 2024 ஜூன் 12ல் குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்தபோது இறந்த இந்தியர் குறைந்தது 45 பேர். அவர்களில் ஏழு பேர் தமிழ்நாட்டவர். குடியகல்வு அனுமதி பெற்றுப் போகும் தொழிலாளர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். விபத்தில் இறந்தால் 10 லட்சம் ரூபாய். அந்தப் பாலிசித் தாள் பெரும்பாலும் போனவரின் பெட்டியிலேயே இருக்கும். அதன் நகல், ஒப்பந்தம், பாஸ்போர்ட், இக்காமா என்ற வதிவு அட்டை, முதலாளியின் தொலைபேசி எண், வங்கிக் கணக்கில் நாமினி பெயர் ஆகியவை வீட்டில் ஒரு கவரில் இருக்கிறதா என்று இதைப் படிப்பவர்கள் இன்றைக்கே கேட்டுப்பாருங்கள்.

அம்மா போனால்

இதுவரை ஆண் போவதைப் பற்றியே பேசினேன். தமிழ்நாட்டுக்கு அதுதான் பெரும்பாலும் பொருந்தும். பத்தாம் வகுப்பு முடிக்காத, 30 வயது நிரம்பாத பெண் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போக இந்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை. இலங்கையில் கதை வேறு. தொண்ணூறுகளின் நடுவில் அங்கிருந்து வேலைக்குப் போனவர்களில் நான்கில் மூன்று பங்கு பெண்கள். மலையகத்திலும் கிழக்கு மாகாணத்திலும் அம்மம்மாவிடம் வளர்ந்த ஒரு தலைமுறையே இருக்கிறது.

அங்கே 2013ல் ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வீட்டுப் பணிக்குப் போகும் பெண்ணுக்கு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் போகமுடியாது. மூத்த பிள்ளைகள் இருந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அதிகாரி முன்னிலையில் காட்டவேண்டும். 2022ல், நாடு டாலருக்குத் தவித்தபோது, அந்த ஐந்து வயது இரண்டு வயதாக இறங்கியது. பிள்ளையின் தேவை ஒன்பது ஆண்டில் மாறிவிடவில்லை; கருவூலத்தின் தேவை மாறியது. இன்னொன்று: இரண்டு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுக் கத்தாருக்கு லாரி ஓட்டப் போகும் தகப்பனிடம் எந்த அதிகாரியும் இப்படி ஓர் அறிக்கை கேட்டதில்லை. தகப்பன் போனால் பிழைப்பு, தாய் போனால் குற்றம். அறிக்கையைத் தவிர்க்கச் சுற்றுலா விசாவில் போன பெண்களுக்கோ, அங்கே ஏதாவது நடந்தால் பதிவும் இல்லை, காப்பீடும் இல்லை.

அந்தக் குடும்பங்களின் கைப்பணம் எவ்வளவு பெரியது என்பது அதே நெருக்கடியில் தெரிந்தது. வங்கி டாலருக்கு 200 ரூபாய் அளவில் கொடுத்துக்கொண்டிருக்க, வெளிச்சந்தை அதைவிட அதிகம் கொடுத்தது. ஆட்கள் உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே கைமாற்றாக, அனுப்பத் தொடங்கினார்கள். வங்கிவழி இலங்கைக்கு வந்த தொழிலாளர் பணம் 2020ல் சுமார் 710 கோடி டாலர். 2022ல் சுமார் 380 கோடி. குடும்பங்களுக்கு வந்தது அவ்வளவு குறைந்துவிடவில்லை. அது வங்கிக் கணக்கில் ஏறவில்லை. எரிபொருள் வாங்க நாட்டிடம் டாலர் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேன்சல்

பெரியப்பா கேன்சலில் வந்தது 2015 ஐப்பசியில். சவூதிச் சட்டப்படி பணிக்கொடை முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு மாதம். 24 ஆண்டுக்கு இருபத்தொன்றரை மாதச் சம்பளம். ஓய்வூதியம் என்று எதுவும் கிடையாது. புராவோய் சொன்ன இரண்டாவது செலவின் கடைசிப் பகுதி, அதாவது உழைத்து முடித்தவரைத் தாங்குவது, விமான நிலையத்தில் பெட்டியோடு இறங்கியது. கூடவே சர்க்கரை நோயும்.

இப்படி வந்தவர்களைப் பற்றி ஊர் கேலி பேசும்; அதிகாரம் பண்ணுகிறார், சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று. நான் பார்த்தது வேறு. அந்த வீட்டில் அவர் இல்லாமலே எல்லாம் ஓடப் பழகியிருந்தது. காலை ஆறு மணிக்கு எழுந்தால் அவருக்கென்று ஒரு வேலை இல்லை. பால்காரருக்கு எத்தனை லிட்டர் சொல்லியிருக்கிறது, வாய்க்கால் முறை எந்தக் கிழமை, எந்த மொய் பாக்கி இருக்கிறது, எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள நோட்டைப் புரட்டுவார். முதல் மாதம் அவர் செலவைக் கேள்வி கேட்டார். இரண்டாம் மாதம் பெரியம்மா நோட்டை அவர் மடியில் வைத்துவிட்டு, இனி நீங்களே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனார். எட்டு நாளில் நோட்டு பழையபடி அலமாரிக்கு வந்துவிட்டது.

இப்போது தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். 2019ல் டெஸ்ட் அடித்து, அதாவது தொழில்திறன் தேர்வில் தேறி, கட்டுமான வேலைக்குப் போனான், வொர்க் பெர்மிட்தான். மனைவி பி.காம். படித்தவள், மூன்று வயதில் ஒரு பிள்ளை, பெரியப்பா பெரியம்மாவோடுதான் இருக்கிறாள். பணம் அனுப்புவது இப்போது செயலியில் இரண்டு நிமிட வேலை. அது பெரியம்மாவின் கணக்குக்கு வருகிறது. ஏன் என்று கேட்டேன். வீட்டுச் செலவு நான்தானே பார்க்கிறேன், அவளுக்கு வேண்டியதைக் கேட்டால் கொடுக்கப்போகிறேன் என்றார் பெரியம்மா, கண்ணாடியைக் கழற்றாமல், நோட்டில் எழுதிக்கொண்டே.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, நான் கிளம்பும் நேரத்தில் தம்பி மனைவி கொல்லைப்பக்கம் வந்தாள். ஆன்லைனில் வங்கிக் கணக்குத் தொடங்க ஆதாரும் பான் கார்டும் போதுமா, வீட்டுக்குக் கடிதம் ஏதாவது வருமா என்று கேட்டாள்.